ஆறு யூனிட்

எத்தன யூனிட்டுங்க கேட்டிருக்காங்க உங்ககிட்ட? ரண்டா? அப்ப ரண்டு ஆளு வேணுமுங்க. ஒரு ஆளுக்கு ஒரு யூனிட்டுதான் எடுப்பாங்க. கூட ஆராச்சு வர்றாங்களா? மச்சினனா? வரட்டும், வரட்டும். எதுக்கும் போன் பண்ணி இன்னொருக்கா கேட்டுருங்க. "வர்றேன்"னு சொன்னா, "எங்க வர்றே, என்ன குடுக்கப்போறே"ன்னு வாயத் தொறந்து கேட்டுருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு இப்பல்லாம் அப்படியே பழகிருச்சு.

மாமியாருக்குங்களா? கர்ப்பப்பை ஆபரேசனா? அதெல்லாம் இன்னைக்கு ஒண்ணுமே இல்லீங்க. நாலு நாள்ல ஊட்டுக்கு வந்து உங்கள அதட்டப்போறாங்க பாருங்க.

நானுங்களா? நான் சும்மாதான். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். டோக்கன் வாங்கிட்டேன், இந்தா, பதினேழு. இப்பத்தான் பதினொண்ணு உள்ள போயிருக்குது. போன மாசத்துல ரண்டு வாட்டி வந்து இதே பெஞ்சுல உக்காந்தேன். ரண்டு வாட்டியும் நம்பர் வர்றதுக்குள்ள வேற சோலி வந்துருச்சு, எந்திரிச்சுப் போயிட்டேன். பயமெல்லாம் இல்லீங்க. இந்த ஆசுபத்திரி வாசம் நம்பளுக்கு ஒத்துக்கறதில்ல. சின்னதுல இருந்தே அப்படித்தான். என்ற பொண்ணு பொறந்தப்பக்கூட நான் எதுத்தாப்புல டீக்கடையிலதான் நின்னுட்டிருந்தேன். அதுக்கு அவ இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா, என்ற ஊட்டுக்காரி.

யூனிட்டுன்னு நீங்க சொன்னதும் எனக்கு... ஒண்ணுமில்லீங்க. அந்த வார்த்தையால எனக்கு ஒரு கெரகம் வந்துருச்சு. சொல்றேன், நேரந்தான் இருக்குதே. உங்குளுது என்ன நம்பர்? பத்தொம்பதா? அப்ப எனக்கப்பறந்தான்.

வெள்ளிங்கிரின்னு ஒரு சிநேகிதன் எனக்கு. நாங்க ரண்டு பேரும் ஒரே கம்பெனி. மோட்டார் பம்ப்பு செய்யற கம்பெனிங்க, டிராயிங் ஆபீசு. பக்கத்துப் பக்கத்து மேசை, இருவத்தாறு வருசம். நான் படம் போடுவேன், அவன் செக்கர். அப்படின்னா, நான் போட்ட படத்துல ஒரு அளவு தப்பா இருந்தா, ஒரு ஓட்டை எடம் மாறி இருந்தா, அதக் கண்டுபுடிக்கறது அவன்ற வேலை. செவப்புப் பேனாவுல சுழிச்சு, "ஏன்டா சென்னீ, இந்தத் தண்டு எந்த வழியாடா உள்ள போகும், உன்ற மூக்கு வழியாவா?"ம்பான். ஆபீசே சிரிக்கும். அவன் கையெழுத்து இல்லாம என்ற படம் ஒண்ணுகூட மெசின் ஷாப்புக்குப் போனதில்லீங்க. சென்னியப்பன் தப்புப் பண்ணான்னு கம்பெனில ஒரு பேச்சு வந்ததில்ல. ஏன் வரலீன்னா அவன் இருந்தான். அவ்வளவுதான்.

ஒருக்கா எல்லாத்துக்கும் அடையாள அட்டை போட்டாங்க. அதுல ரத்தம் என்ன குரூப்புன்னு எழுதோணும்னு கேம்ப் வெச்சுக் குத்தி எடுத்தாங்க. எனக்கு வெரல்ல குத்துனதுக்கே கண்ணு இருட்டிருச்சு. வெள்ளிங்கிரிதான் புடிச்சு உக்கார வெச்சான். நானூறு பேருல ஓ நெகட்டிவ் ரண்டே பேரு. அவனும் நானும். அன்னையில இருந்து என்னைய "ஸ்பேரு"ன்னுதான் கூப்புடுவான். "என்ற ஸ்பேர் பார்ட் வந்துட்டான்டா, இனி எனக்கென்ன"ம்பான். கல்யாணத்துல, காதுகுத்துல, எங்க பாத்தாலும் அதே பேச்சு. சாந்தாமணிக்கே அப்படித்தான் என்னைய சொல்லி வெச்சிருந்தான். சாந்தாமணி அவன்ற சம்சாரங்க. நல்ல பொண்ணு. என்னைய அண்ணாம்பா. நான் அம்மிணிம்பேன்.

பன்னண்டுங்களா கூப்புட்டாங்க? ஆமா, பன்னண்டு.

இந்த வருசம் பொங்க நோம்பிக்கு முன்னால அவனுக்குக் காய்ச்சல் உடவே இல்ல. பாத்தா ரத்தத்துல புத்துன்னுட்டாங்க. எனக்குச் சொன்னது அவனேதான். ஆசுபத்திரில சேர்றதுக்கு மொத நாளு எங்கூட்டுக்கு வந்தான். அதுக்கு முன்னாலயே கம்பெனில டிராயிங் ஆபீசையே மூடிட்டாங்க. நான் ஊட்டுல கம்ப்யூட்டர் வெச்சு வெளிவேலை பண்ணிட்டு இருந்தேன். நல்ல பொட்டிங்க. பம்ப்ப முழுசா முப்பரிமாணத்துல சுத்திக் காட்டோணும்னா சாதாரணப் பொட்டி தாங்காது. வெள்ளிங்கிரி வந்து அதுக்கு முன்னால நாற்காலிய இழுத்துப்போட்டு உக்காந்தான். காப்பி குடிச்சான். அப்பறம் சொன்னான், "டேய் ஸ்பேரு. நீ ஆசுபத்திரிக்கு வரமாட்டே, எனக்குத் தெரியும். உன்ற பொட்டியாச்சும் எனக்கு வேல செய்யட்டும்"னான்.

எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. அவன் போனுல காட்டுனான். இந்த சீக்குக்கு மருந்து கண்டுபுடிக்கறவிய இருக்காங்க பாருங்க, அவியளுக்குக் கணக்கு மலையாட்டக் குமிஞ்சு கெடக்குதாமா. நம்ம ஒடம்புக்குள்ள இருக்கற புரோட்டீனு எப்படி மடியுது, எங்க தப்பா மடிஞ்சா சீக்கு வருதுன்னு. அத ஒரே எடத்துல போட்டா முடியாது. அதனால சின்னச் சின்னத் துண்டா நறுக்கி ஒலகம் பூரா ஊட்டுக் கம்ப்யூட்டருக்கெல்லாம் அனுப்பறாங்க. நம்ம பொட்டி சும்மா இருக்கற நேரத்துல அந்தத் துண்டப் போட்டுக் கணக்குப் பண்ணித் திருப்பி அனுப்போணும். நம்பளுக்கு அஞ்சு பைசா கெடையாது. மனசாரச் செய்யறது. அந்த ஒரு துண்டுக்குப் பேருதானுங்க யூனிட்டு.

"இதுல உனக்கு மருந்து கெடைக்குமாடா?"ன்னேன். "எனக்கில்லடா கிறுக்கா, அடுத்தவனுக்கு"ன்னான். சிரிச்சான். ரண்டு பேரும் சேந்து அன்னைக்கே அந்த சாப்ட்வேரப் போட்டோம். ஸ்கிரீன்ல அந்தப் புரோட்டீனு சுத்துச்சு பாருங்க, இடியாப்பத்தப் புழிஞ்சு தட்டத்துல சுத்தி உட்டாப்புல. ரண்டு பேரும் வாயப் பொளந்துட்டுப் பாத்துட்டு இருந்தோம். மொத யூனிட்டு முடியற வரைக்கும் அவன் போகலீங்க. நூறுன்னு வந்ததும் கையத் தட்டுனான்.

அதுதான் நான் அவனக் கடைசியா நல்லபடியாப் பாத்தது.

நான் ஒரு வேலைய எடுத்தா அரைகொறையா உடமாட்டேன். பழைய ஆபீஸ் ஆளுங்க பதினோரு பேரப் புடிச்சு வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பு ஆரம்பிச்சேன். வெள்ளிங்கிரி நண்பர் குரூப்பு. எல்லாத்து ஊட்டுலயும் இதப் போட வெச்சேன். ஒருத்தனுக்குத் தெரியாது, ஒருத்தன் மகன் திட்டுவான், ஒருத்தன் பொட்டி சூடாகி நின்னே போயிரும். எல்லாத்துக்கும் நான்தான் போன்லயே சொல்லிக்குடுத்தேன். பொழுதோட ஆறு மணிக்கு, இன்னைக்கு நம்ம குரூப்பு நாலு யூனிட்டு, இன்னைக்கு அஞ்சு யூனிட்டுன்னு போட்டுருவேன். ஒரு நாள் தவறுனதில்ல. வெள்ளிங்கிரி ஆசுபத்திரில இருந்து கட்டவெரலப் போடுவான். முடியாத நாள்ல சாந்தாமணி படிச்சுக் காட்டிட்டு, அவளே போடுவா. அவளுக்கு இது என்ன ஏதுன்னெல்லாம் தெரியாதுங்க. அவரு சிநேகிதங்கெல்லாம் அவருக்காக என்னமோ பண்றாங்க, அவ்வளவுதான் தெரியும்.

சித்திரை வெயில்ல அந்த ரூம்புல நிக்க முடியாது. பொட்டி அனலாக் கக்கும். டேபிள் ஃபேன அதுக்கு நேராத் திருப்பி வெச்சேன். "எனக்கு வேர்த்து ஊத்துது, அதுக்குக் காத்தா?"ன்னு சுலோச்சனா ஏசுவா. என்ற ஊட்டுக்காரிங்க, சுலோச்சனா. "அது ஒரு உசுருக்காக வேல செய்யுது, உனக்கென்ன"ம்பேன். அவ டிபன் கேரியர எடுப்பா. வாரத்துல மூணு நாளு ரசமும் குழைஞ்ச சோறும் கட்டிட்டு ரண்டு பஸ் மாறி இதே ஆசுபத்திரிக்கு அவனுக்குக் கொண்டு வருவா. "ஒரு நடை வந்து மொகத்தக் காட்டிட்டு வாங்க. அந்தப் பொட்டியா அவரப் பாக்கப்போகுது?"ம்பா. எனக்கு வேல இல்லையா? ஒரு யூனிட்டு நடுவுல நின்னு போனா அத்தனையும் மறுக்கா மொதல்ல இருந்து ஓடோணும். கரண்டு போனா யூபிஎஸ் பத்து நிமிசந்தான் தாங்கும். ஆராச்சு ஒருத்தரு ஊட்டுல இருக்கோணுமல்லங்க? அவளுக்குச் சொன்னாப் புரியாது.

வெள்ளிங்கிரி ஒருக்காக்கூட ஏன்டா வரலீன்னு கேட்டதில்லீங்க. போன்ல, "டேய் ஸ்பேரு, இன்னைக்கு என்னத்தடா மடிச்சே?"ம்பான். அவ்வளவுதான். கொரலு மட்டும் நாளுக்கு நாள் மெலிஞ்சுட்டே வந்துச்சு. நான் பொட்டி சத்தத்துல சரியாக் கேக்கலீன்னு நெனச்சுக்குவேன்.

இருங்க, பதிமூணு கூப்புடறாங்க. அந்த அம்மாவா... எந்திரிக்கவே முடியலியே, இவிய எங்க குடுக்கறது? ஓ, ரிப்போர்ட்டு வாங்க வந்தவியளா?

வைகாசி கடைசி. மத்தியானம் மூணு மணி இருக்குங்க. ஒரு யூனிட்டு தொண்ணூத்தி எட்டுல ஓடிட்டு இருக்குது. அன்னைக்கு எங்க குரூப்பு அஞ்சு முடிச்சிருந்துச்சு. இது முடிஞ்சா ஆறு. அதுவரைக்கும் ஒரே நாள்ல ஆறு வந்ததே இல்ல. நான் கண்ண எடுக்காமப் பாத்துட்டு இருக்கறேன், போன் அடிக்குது. சாந்தாமணி.

அவ பேசுனத அப்படியே சொல்றேன் கேளுங்க. நீங்களே நாயம் சொல்லுங்க. "அண்ணா, ரண்டு யூனிட்டு வேணும்ங்கறாங்க. உங்க குரூப்புத்தானுங்களே அவருக்கும்?"ன்னா.

"ஆமா அம்மிணி, நம்ம குரூப்புத்தான்"ன்னேன்.

"இன்னைக்குள்ள வேணுமாமாங்ண்ணா."

அப்ப அந்த யூனிட்டு முடிஞ்சுது. நூறு. எனக்கு ஒரே குஷி. "ரண்டு என்ன அம்மிணி! நம்ம குரூப்பு இன்னைக்கு மட்டும் ஆறு யூனிட்டு குடுத்தாச்சு. நீ ஒரு வெசனமும் படாதே, அவன்கிட்டச் சொல்லு"ன்னேன்.

அவ, "குடுத்துட்டீங்களா? எனக்கு முன்னாலயே தெரிஞ்சு குடுத்துட்டீங்களா? நீங்க நல்லா இருக்கோணும்ண்ணா"ன்னா. அழுதா. அழுகறாளே, எதுக்கு அழுகறான்னு எனக்குத் தோணோணுமல்லங்க? நான் என்ன நெனச்சேன்னா, இத்தன நாளா நாம பண்றது இப்பத்தான் இவளுக்குப் புரிஞ்சிருக்குதுன்னு நெனச்சேன். பெருமையாத்தான் இருந்துச்சு. பொழுதோட குரூப்புல போட்டேன், இன்னைக்கு ஆறு யூனிட்டு, புது ரெக்கார்டுன்னு. பதினோரு பேரும் கையத் தட்டற பொம்மை போட்டாங்க.

ரத்தம்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க அவ. ஒரே ஒரு வார்த்தை. நாலு எழுத்து. சொல்லியிருந்தா இந்த அக்கப்போரு எதுவுமில்ல. சொல்லுங்க, அவ சொல்லியிருக்கோணுமா இல்லியா?

போச்சாது, உடுங்க.

நாங்க போடற ஒவ்வொரு படத்துலயும் கீழ கட்டத்துக்குள்ள ஒரு வரி இருக்குமுங்க. சந்தேகம் இருந்தாக் கேக்கவும்னு. இங்கிலீசுல இருக்கும். லேத்துல நிக்கறவனுக்கு ஒரு அளவு வெளங்கலீன்னா அவனா ஒண்ண நெனச்சுக்கிட்டு இரும்பக் கடையக்கூடாது, மேல வந்து கேக்கோணும். முப்பது வருசம் அந்த வரிய என்ற கையால ஆயிரக்கணக்குல போட்டிருக்கறேன். அன்னைக்கு, எதுக்கு அம்மிணி ரண்டு யூனிட்டுன்னு நான் கேக்கலீங்க.

அவ என்ன பண்ணியிருக்கறா? நர்சுகிட்டப் போய், "எங்கூட்டுக்காரர் சிநேகிதங்க ஆறு யூனிட்டு குடுத்தாச்சு"ன்னு சொல்லியிருக்கறா. அவிய, "அப்படியா, சரி வரட்டும்"னு உட்டுட்டாங்க. வேற ரண்டு எடத்துல ஆளுக்குச் சொல்லி வெச்சிருந்தாளாமா. அவியளுக்கும் போன் பண்ணி, "வேண்டாமுங்க, கெடச்சிருச்சு"ன்னுட்டா. பொழுதோட ஒருக்கா கீழ வந்து இந்த ஜன்னல்ல கேட்டிருக்கறா. வரலீன்னிருக்காங்க. ராத்திரிக்கு ஒருக்கா கேட்டிருக்கறா. வேற பேங்க்குல குடுத்திருப்பாங்க, அங்கிருந்து வந்துட்டு இருக்குதுன்னு அவளே சமாதானம் பண்ணிக்கிட்டா. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமல்லங்க? கேட்டதுக்கு, அண்ணா சொன்னாச் சொன்னதுதானே, மறுக்காக் கேட்டா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்னு கேக்கலீன்னாளாமா. சுலோச்சனாகிட்டச் சொன்னது இது. எங்கிட்ட அவ ஒண்ணுமே சொன்னதில்ல.

மறுநாக் காத்தால பதினோரு மணிக்குத்தான் கூப்புட்டா. "அண்ணா, ஆறு பேரும் எந்த பேங்க்குல குடுத்தீங்க? ரசீது நம்பர் கேக்கறாங்க"ன்னா.

"எந்த பேங்க்கு அம்மிணி?"ன்னேன்.

"ரத்தம் குடுத்தீங்களே, அதுங்ண்ணா."

நான், "அது கம்ப்யூட்டர் யூனிட்டு அம்மிணி"ன்னேன்.

போன்ல அவளுக்குப் பின்னால வண்டி தள்ளிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு, ஆரோ ஆரையோ கூப்புடற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் மெதுவா, "அப்ப ரத்தம்?"ன்னா.

"இந்தா வர்றேன். அரை மணி நேரத்துல வந்துர்றேன்"ன்னேன். நெசமாத்தான் சொன்னேன். வேட்டி மாத்திட்டு ரண்டு இட்லி தின்னேன், வெறும் வயித்துல குடுக்கக்கூடாதுன்னு. ஸ்கூட்டர எடுத்தேன். அவனுக்கு ரத்தம் நாலு பாயிண்ட்டுக்கு எறங்கிக் கெடக்குதுன்னு சுலோச்சனா போன்ல கத்துனா. அவ அதுக்கு முன்னாலயே கெளம்பி இங்க வந்துட்டா. நான் மேம்பாலத்து வேலை நடக்கற எடத்துல சித்த நேரம் மாட்டிக்கிட்டேன். ஆனாலும் வந்துட்டனுங்க. இந்தா, இந்தக் கேட்டு வரைக்கும். அங்க எளநி வெட்டறான் பாத்தீங்களா, அவன்கிட்ட வண்டிய நிறுத்துனேன். ஒரு எளநி குடிச்சேன். இன்னொண்ணு வெட்டச் சொன்னேன். வெயிலுக்குன்னு நெனச்சேன்.

மறுக்கா போன் அடிச்சுது. சுலோச்சனா. "சூலூர்ல இருந்து ஒரு காலேஜ் வாத்தியாரு வர்றாரு, ஓ நெகட்டிவ். பாதி தூரம் வந்துட்டாரு. நீங்க எங்க இருக்கீங்க?"ன்னா.

"அப்ப ஆளு கெடச்சிருச்சல்ல?"ன்னேன்.

"ரண்டு வேணுமுங்க"ன்னா.

கேட்டுச்சுங்க. ரண்டுன்னு சொன்னது நல்லாக் கேட்டுச்சு. நான், "சிக்னல் கெடைக்கல சுலோ, ஒண்ணுங் கேக்கல"ன்னு சொல்லிட்டுப் போன வெச்சுட்டேன். வெச்சுட்டு வண்டியத் திருப்பிட்டேன்.

இத இதுவரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க. உங்களுக்கு என்னையத் தெரியாது, அதான் சொல்றேன்.

ரண்டாவது யூனிட்டு அதுக்கு மறுநாளு ஈரோட்டுல இருந்து வந்துச்சு. வாத்தியாரு குடுத்தத அன்னைக்குப் பொழுதோட ஏத்துனாங்க. அன்னைக்கு வெள்ளிங்கிரி போன்ல பேசி அனுப்புனான். வாட்ஸ்அப்புல வருமுங்களே, கொரலு மட்டும், அது. எழுதறதுக்குக் கையி வரலீன்னு நெனக்கறேன். "டேய் ஸ்பேரு... ஆறு யூனிட்டு குடுத்தியாமா... எனக்கு ரண்டு போதும்டா"ன்னு சிரிக்கறான். சிரிச்சா இருமல் வருது. இருமிட்டு, "ஒண்ணு வந்துருச்சு. நீ மெதுவா வா. அவசரமில்ல"ன்னான். பதினெட்டு செகண்டு. ஒரு வாட்டிதான் கேட்டேன்.

நாலாம் நாளு போயிட்டான்.

நுரையீரல்ல கிருமி ஏறிருச்சாமா. அதனாலதான் போனான், ரத்தம் லேட்டானதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்லீன்னு டாக்டரே சொல்லிட்டாரு. சாந்தாமணிகிட்ட, சுலோச்சனாகிட்ட, எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டாரு. சம்மந்தமில்லீங்க. அந்த ஒரு நாளு முன்னால ஏத்தியிருந்தாலும் இதேதான்னு சொன்னாராமா. "இதேதான்"னு சொன்னாரா, "இதேதான்னு நெனக்கறேன்"னு சொன்னாரான்னு சுலோச்சனாவ ஒருக்காக் கேட்டேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

நான் காரியத்துக்குப் போனனுங்க. போகாம இருக்கலீங்க. மயானத்துல கடைசி வரைக்கும் நின்னேன். எல்லாரும் அழுகறாங்க. எனக்கு அழுகையே வரலீங்க. கால் மரத்துப்போனாக் கிள்ளிப் பாத்தாலும் தெரியாது பாருங்க, அப்படி இருந்துச்சு. இன்னைக்கும் அப்படித்தான் இருக்குது. சோறு திங்கறேன், தூங்கறேன், படம் போடறேன். ஒரு பம்ப்பு படத்துல அளவு தப்பிப்போய் வார்ப்பே வீணாப்போச்சுன்னு போன வாரம் திட்டுனாங்க. நான் சரீங்க சரீங்கன்னு கேட்டுக்கிட்டேன். முன்னயெல்லாம் ஒரு சொல்லு பொறுக்கமாட்டேன்.

பதினாறாம் நாளு சாந்தாமணி எங்கிட்ட வந்தா. திட்டப்போறான்னு நெனச்சேன். திட்டியிருந்தாத் தேவலீங்க. மொகத்துல காறித் துப்பியிருந்தாக்கூட நான் தொடச்சுக்கிட்டு நின்னிருப்பேன். "அண்ணா, அந்தக் குரூப்புல இருந்து அவரு பேர எடுத்துருங்க"ன்னா. அவ்வளவுதான். தண்ணி டம்ளரக் குடுத்துட்டுப் போயிட்டா. அஞ்சு மாசமாச்சு. நோம்பிக்குப் போன் பண்ணா எடுக்கறதில்ல. சுலோச்சனாகிட்டப் பேசறா, எங்கிட்டப் பேசறதில்ல. நானா அவன் சீக்க வரவெச்சேன்? நாலு மாசம் பொட்டிய அணைக்காம அவன்ற பேருல ஓட்டுனவன் நான். பேர எடுன்னா எப்படிங்க எடுக்கறது? இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்குது. அந்தக் குரூப்புல மத்தவிய எல்லாம் ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. நான் ஒருத்தன்தான். காத்தால வரும்போது பாத்தேன், ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஏறியிருக்குது.

சுலோச்சனா ஒரு நாளு சாப்பாட்டுல உக்காந்திருக்கறப்பக் கேட்டா. "அன்னைக்கு அவ ரண்டு யூனிட்டுன்னப்ப உங்களுக்கு நெசமாலுமே புரியலீங்களா?"ன்னா. மோர ஊத்திக்கிட்டே கேட்டா, சண்டைக்கெல்லாம் இல்ல.

புரியலீன்னுதான் சொன்னேன்.

புரியலீங்க. ஓ நெகட்டிவ்வு, அவனுக்கு ரத்தத்துல சீக்கு, ஆசுபத்திரில இருந்து போன் வருது, இன்னைக்குள்ள வேணும்ங்கறா. இத்தனையும் தெரியும். ஆனாப் புரியலீங்க. எனக்கு அந்த ஆறாவது யூனிட்டுதான் கண்ணு முன்னால இருந்துச்சு. புரிஞ்சிருந்தா நான் வரோணுமே. வந்தாப் படுக்கோணும், கைய நீட்டோணும், மேல போய் அவன் மொகத்தப் பாக்கோணும்.

உங்க மச்சினன் வந்தாச்சா? அவருங்களா? வாங்க தம்பி, இப்படி உக்காருங்க. நல்ல காரியம். நல்ல காரியம்.

பதினேழா? பதினேழு கூப்புட்டாங்களா? பதினாறு எப்ப போச்சு?

சரிங்க. வர்றேங்கம்மா, வர்றேன். கால்தான் சித்த மரத்துப்போச்சு உக்காந்து உக்காந்து.

சென்னியப்பனுங்கம்மா. அம்பத்தெட்டு. ஓ நெகட்டிவ். இல்லீங்கம்மா, இதுக்கு முன்னால குடுத்ததில்ல. இதுதான் மொதத் தடவ. சுகரு இல்ல. பிரசரு இல்ல. சாப்பிட்டேங்க.

ஆருக்குன்னா? பேசண்டு பேருங்களா? வெள்ளிங்கிரிங்க. எழுதிக்கங்க. வெள்ளிங்கிரி.

எந்த வார்டுங்களா?

வார்டு... சுலோச்சனாவுக்குத்தானுங்க தெரியும். நான் மேல போனதில்லீங்களே. எத்தனாவது மாடின்னுகூட நான் கேட்டதில்லீங்கம்மா.

கம்ப்யூட்டர்லயா? பாருங்க, பேரு இருக்குதான்னு பாருங்க. வெள்ளிங்கிரி.

இல்லீங்களா?

ஆமாங்கம்மா. இல்லீங்க. நான்தான் வர்றதுக்கு லேட்டுப் பண்ணிட்டேன்.